காசிமேடு மீன் ஏலத்துல படம் எடுக்க பை முதல்லயா, டிரை கேபினெட் முதல்லயா?

கல்மண்டபம் பையன்:
வணக்கம். செகண்ட் ஹேண்டுல நிக்கான் டி7200 கேமரா வாங்கியிருக்கேன். 18-140 லென்ஸும் 35 எம்எம் எஃப்1.8-உம் இருக்கு. ஞாயித்துக்கிழமைன்னா விடியக்காலை 3 மணிக்கே சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல நிப்பேன். போன வாரம் லென்ஸ் மாத்த முதுகுப் பையைக் கீழ வெச்சேன், அடிப்பக்கம் முழுக்க மீன் தண்ணி ஊறிடுச்சு. நாலு நாள் வெயில்ல காயப்போட்டும் கவிச்சி போகல. கையில 8000 ரூபாய் இருக்கு. வாட்டர்ப்ரூஃப் பை வாங்கவா, கேமராவை ஈரம் படாம வைக்கற மின்சார அலமாரி, அதான் டிரை கேபினெட், அதை வாங்கவா? உப்புக் காத்துல லென்ஸ் போயிடும்னு வேற சொல்றாங்க.

பழைய வண்ணாரப்பேட்டை:
தம்பி, ரெண்டும் இப்போதைக்கு வேணாம். பன்னிரண்டு வருஷமா அங்க போறேன். முதுகுப் பைன்னா திறக்கறதுக்குக் கீழ வெச்சே ஆகணும், காசிமேட்டுல கீழ வைக்க இடம் ஏது? சின்னத் தோள்பையா வாங்கி வயித்துப் பக்கம் தொங்கவிடுங்க. உள்ள ஒரு பேட்டரி, ஒரு கார்டு, ரெண்டு துணி. லென்ஸை வீட்லயே மாட்டிட்டுக் கிளம்பிடணும். இருட்டுல 35 போதும். 18-140-ஐயும் அதே 35-க்கு ஜூம் பண்ணி வெச்சுப் பாத்தா, அதை விட இந்த 35 நாலு மடங்குக்கு மேல வெளிச்சம் உள்ள விடும். இது கண்ணு பாக்கற அளவுக்குத்தான் காட்டும், ஆளுங்ககிட்ட போய்த்தான் எடுக்கணும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஏசி ரூம்ல கேமராவை வெச்சுட்டுத் தூங்காதீங்க. அந்தக் குளிர்ச்சியோட வெளிய எடுத்தா கண்ணாடி மேல பனி படிஞ்சு அரை மணி நேரம் ஒண்ணும் தெரியாது. முதல் நாள் ராத்திரியே ஹால்ல வெச்சிடுங்க.

திரும்பி வந்ததும் தூங்கப் போகாம முதல்ல துடைங்க. உலர்ந்த துணியால தேய்ச்சா உப்புப் பரல் கண்ணாடியைக் கீறிடும். ப்ளோயரால ஊதிட்டு, நல்ல தண்ணில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணியால பாடியை ஒத்தி எடுங்க, அப்புறம் காஞ்ச துணி. லென்ஸ் கண்ணாடிக்கு மேல ஒரு ஃபில்டர் மாட்டிடுங்க, துடைக்கறது அதோட போகும்.

லென்ஸைப் பைக்குள்ள போட்டு மூடி வெச்சுடாதீங்க. பையோட ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். 2015 டிசம்பர் மழைக்கப்புறம் ரெண்டு மாசம் நான் பையைத் திறக்கல. திறந்து 50 எம்எம்முக்குப் பின்னாடி போன் டார்ச் அடிச்சுப் பாத்தா, ஓரத்துலேந்து நடுவுக்கு வெள்ளை நூல் நூலா, சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். கழட்டித் துடைச்சுக் கொடுத்தாங்க, ஆனா கோட்டிங்கை அரிச்ச தடம் அப்படியே நின்னுடுச்சு. என் பொண்ணு பிறந்தப்ப எடுத்த படமெல்லாம் அந்த லென்ஸ்லதான்.

ரப்பர் வளையம் வெச்ச காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சற சிலிகா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர், அவ்ளோதான். மீட்டர் முள்ளு 40-லேந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். ஆரஞ்சு ஜெல் வாங்குங்க, ஈரம் குடிச்சுப் பச்சையானா சூடு பண்ணித் திரும்பப் போடலாம். நீலத்துல கோபால்ட் குளோரைடு இருக்கு, வீட்டுக்குள்ள வேணாம். எதுவானாலும் சமையல் கடாய்ல வறுக்காதீங்க. அரிசில போட்டு வைக்கச் சொல்வாங்க, அந்தத் தூசி லென்ஸ் வளையத்துக்குள்ள போயிடும்.

மீன்காரம்மா பொண்ணு:
எங்கம்மா அங்க தட்டு போட்டு விக்கறாங்க, நானும் படம் எடுக்கறேன். அண்ணன் பை பத்திச் சொன்னது ரொம்பச் சரி. தலையில கூடையோட வர்றவங்களுக்கு ஓரடி வழிதான் கிடைக்கும். முதுகுப் பையோட நீங்க சட்டுனு திரும்பினா கூடை சாயும், அன்னிக்கு அவங்க முதலே போச்சு. மிச்சக் காசுல எடுத்த படத்தை 4×6 பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் அவங்க கையில கொடுங்க. எங்கம்மா தராசுப் பொட்டில ஒண்ணு வெச்சிருக்காங்க, ஓரமெல்லாம் தண்ணில உப்பிப் போச்சு, இன்னும் தூக்கிப் போடல.

கல்மண்டபம் பையன்:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. டப்பா இன்னிக்கே வாங்கிடறேன். 18-140-ஐ அப்ப எங்கதான் எடுத்துட்டுப் போறது?

பழைய வண்ணாரப்பேட்டை:
ஏப்ரல் 15-லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், பெயிண்ட் அடிப்பாங்க, வலை பின்னுவாங்க. கூட்டமும் குறைச்சல். அப்ப ரெண்டையும் கொண்டு வாங்க.