அப்பாவுக்கு டெம்பரேச்சர் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது, எதை எழுதுவது?

உறையூர்ப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 78 வயது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறார். டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர், தினமும் டெம்பரேச்சர் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள், 100-ஐத் தாண்டினால் போன் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். கேட்க சுலபமாகத்தான் இருந்தது.

மெடிக்கலில் வாங்கிய சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் வைத்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் வலது அக்குளில் 98.1. தொட்டால் உடம்பு கணகணவென்று இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு இடது பக்கம் வைத்தால் 99.0, மறுபடி வலது பக்கம் வைத்தால் 98.8. கொரோனா சமயத்தில் தம்பி வாங்கிப் போட்ட, நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி மாடல் 96.9 என்கிறது. அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, இது உள்காய்ச்சல், மிஷினுக்கு எங்கே தெரியப்போகிறது என்று கஷாயம் வைக்கப் போய்விட்டார். வாயில் வைக்கலாம் என்றால் பல்செட்டைக் கழற்றிய பிறகு அப்பாவுக்கு உதடு சேர்ந்து மூடுவதில்லை.

இதில் எந்த எண்ணை எழுதுவது? பீப் அடித்ததும் எடுத்துவிடலாமா, இன்னும் வைத்திருக்க வேண்டுமா? அக்குளில் பார்த்தால் ஒரு டிகிரி கூட்ட வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

மலைக்கோட்டை பாலு

கண்டிப்பாக ஒன்று கூட்ட வேண்டும் அம்மா. பாதரசத் தெர்மாமீட்டர் காலத்திலிருந்து அதுதான் கணக்கு. 99.0 என்றால் 100. உடனே டாக்டருக்கு போன் போடுங்கள்.

வார்டு சிஸ்டர்

தங்கச்சி, பாலு சார் சொன்னதை நோட்டில் மட்டும் செய்துவிடாதீர்கள். அக்குளில் வாயைவிட அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைவாகக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் அது சராசரி. ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்கே குளிர் நடுக்கம் வரும்போது வித்தியாசம் இன்னும் கூடும். நீங்கள் ஒன்று கூட்டி எழுத, அக்குள் அளவு என்று தெரிந்த டாக்டர் அவர் பங்குக்கு மனதுக்குள் ஒன்று கூட்ட, இல்லாத காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதும்படி ஆகிவிடும். கண்ணில் பட்ட எண்ணை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் எந்த இடம், மணி என்ன, கடைசியாகப் பாரசிட்டமால் கொடுத்தது எப்போது, அவ்வளவுதான். "காலை 6.30, வலது அக்குள், 97.8, மாத்திரை இரவு 10 மணிக்கு" என்று ஒரு வரி இருந்தால் டாக்டருக்கு வேறு எதுவும் வேண்டாம். மாத்திரை நேரத்தை ஏன் கேட்கிறேன் என்றால், பாரசிட்டமால் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிற எண், மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்லும். முடிந்தவரை மாத்திரைக்கு முன்னால் பாருங்கள்.

அப்புறம், டாக்டர் சொன்ன அந்த 100 வாய்க்கா அக்குளுக்கா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நிறையப் பேர் இதைக் கேட்காமலேயே வந்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த 98.1-க்கு வருகிறேன். அப்பா கையை விரித்தபடி, மேலே ஃபேன் ஓடுகிற இடத்தில் படுத்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அக்குள் திறந்து இருந்தால் அங்கே தோல் குளிர்ந்துதான் கிடக்கும். கையை இறக்கி மூடிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் சூட்டுக்கு வரும், அதற்கு நிமிடங்கள் பிடிக்கும். அதனால் முதலில் வேர்வையை ஒரு துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம், தேய்த்தால் தோல் சூடாகும். பிறகு கையை விலாவோடு சேர்த்து ஐந்து நிமிடம் சும்மா வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் தெர்மாமீட்டர். பீப் அடித்தாலும் எடுக்காமல் இன்னும் சில நிமிடம் விட்டுவைத்து, எண் ஏறுவது நின்றதும் படியுங்கள்.

வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல். சதை வற்றி அக்குள் குழிந்து போயிருக்கும். கையை இறக்கினாலும் உள்ளே இடைவெளி இருக்கும், முனை அந்தரத்தில் நிற்கும், அளப்பது காற்றைத்தான். முன்பக்கத்திலிருந்து குறுக்கே செருகினால் ஒல்லியான ஆளுக்கு முனை முதுகுப் பக்கம் எட்டிப் பார்க்கும். கீழிருந்து மேலாக, குழியின் உச்சியில் முனை தோலோடு ஒட்டுகிற மாதிரி வைத்து, அவர் கையை எதிர்த் தோள்பக்கமாக மடக்கி நெஞ்சின் மேல் வைத்து, முழங்கையை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். அவரையே பிடிக்கச் சொன்னால் பாதியில் கண் அசந்துவிடுவார். பனியனுக்கு உள்ளேதான் முனை இருக்க வேண்டும், துணி நடுவில் மாட்டக் கூடாது. தினமும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே நேரம். ஒருக்களித்துப் படுத்திருந்தவர் என்றால், அமுங்கியிருந்த பக்கம் சூடு கூடத் தெரியும் என்பதால் மல்லாந்து கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

வாயை விட்டுவிடுங்கள், உதடு மூடாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. மற்றவர்கள் படிப்பதற்காகச் சொல்கிறேன்: வாயில் வைப்பதென்றால் நாக்கின் நுனிக்கடியில் வைத்தால் போதாது, நாக்குக்கு அடியில் நடுவே ஒரு தசைக்கயிறு இருக்கிறதே, அதன் ஒரு பக்கமாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். காபியோ ஐஸ் தண்ணீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மூச்சிரைப்பவர்களுக்கும், நினைவு தடுமாறுகிறவர்களுக்கும், நாலைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வாய் வேண்டாம்.

மலைக்கோட்டை பாலு

சிஸ்டர் சொன்னால் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 98.6-தானே நார்மல்? காலையில் 97.8 என்றால் உடம்பு அவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தமா?

வார்டு சிஸ்டர்

இல்லை சார். 98.6 என்பது ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிச் 1868-இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து வந்தது. அவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குப் பெரும்பாலும் அக்குளில் அளந்து 37 டிகிரி செல்சியஸ் என்றார், அதுதான் ஃபாரன்ஹீட்டில் 98.6. 1992-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களுக்கு வாயில் வைத்து அளந்த ஆய்வில் சராசரி 98.2 வந்தது. விடியற்காலையில் குறைவாகவும் சாயங்காலம் அதிகமாகவும் இருப்பது எல்லோர் உடம்புக்கும் வழக்கம். வயதானவர்களுக்கு அடிப்படை அளவே கொஞ்சம் கீழே இருக்கும்.

அதனால்தான் உறையூர்த் தங்கச்சியை இப்போதே, அப்பா நன்றாக இருக்கிற நாட்களில், தினமும் எழுதச் சொல்கிறேன். வழக்கமாக 97.3 இருக்கிறவருக்கு 99.4 வந்தால் 100-ஐத் தொடாவிட்டாலும் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கு அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழிகாட்டுதல் அமெரிக்காவில் இருக்கிறது. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் சூடு ஏறாமலே இருக்கலாம். தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினால், நீர் கசிந்தால், பேச்சு குழம்பினால், நடுங்கினால், மூச்சு வாங்கினால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் போன் செய்யுங்கள்.

சர்க்யூட் மணி

கருவி பக்கத்தை நான் சொல்கிறேன், எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்தான் நமக்குத் தொழில். அந்த உலோக முனைக்குள் கடுகளவு தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், அதைச் சிப் எண்ணாக மாற்றுகிறது. சாதாரண மாடலில் பீப் என்பது "ஏறுகிற வேகம் நின்றுபோகிற அளவுக்குக் குறைந்துவிட்டது" என்பதற்கான அடையாளம்தான். வாயில் சூடு சீக்கிரம் நிலைப்படும், அங்கே பீப்பை நம்பலாம். அக்குளில் தோலே மெதுவாக ஏறுவதால் சிப் ஏமாந்து சீக்கிரம் பீப் அடித்துவிடும். சிஸ்டர் விட்டுவைக்கச் சொல்வது அதனால்தான். பத்து நொடியில் காட்டும் மாடல்கள் வேறு ரகம், அவை ஆரம்பத்தில் ஏறும் வேகத்தை வைத்துக் கடைசி எண்ணை ஊகித்துச் சொல்கின்றன. நடுவில் முனை நகர்ந்தால் ஊகமும் கெடும், விட்டுவைத்தும் பயன் இருக்காது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உங்களுடையது எந்த ரகம் என்று போட்டிருக்கும்.

ஆன் செய்ததும் பல மாடல்களில் முதலில் 188.8 என்று எல்லாக் கோடும் எரியும், அடுத்து போன தடவை பார்த்த அளவு ஒரு கணம் வரும், அதற்கப்புறம்தான் 'லோ' என்று மின்னும். 'லோ' வந்த பிறகு வையுங்கள். அடுத்தடுத்து பார்க்கும்போது அணைத்து, முனை ஆறிய பிறகு மறுபடி ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பல மாடல்கள் பழைய உச்ச அளவையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

நல்ல தெர்மாமீட்டரின் பிழை 0.2 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுதான். உங்களுக்கு வந்த வித்தியாசம் 0.9, அதனால் கருவியைக் குறை சொல்லத் தோன்றவில்லை. சந்தேகம் தீர வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கி, இரண்டின் முனையையும் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். யூடியூபில் ஐஸ் தண்ணீரில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள், அது சமையல் தெர்மாமீட்டருக்குச் சரி, காய்ச்சல் தெர்மாமீட்டர் 90 டிகிரிக்குக் கீழே வெறும் 'லோ' என்றுதான் காட்டும். பேட்டரி அடையாளம் மின்னினால் பட்டன் செல்லை மாற்றிவிடுங்கள். கழுவுவதற்குக் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும்.

துப்பாக்கி மாடலை அப்பாவுக்கு விட்டுவிடுங்கள். அது தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக் கணக்குப் போடுகிறது. வேர்வை, ஃபேன் காற்று, ஏசி, தூரம் கொஞ்சம் மாறினாலும் எண் மாறும். பொருளை அளக்கும் மோடில் மாறிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். வாசலில் வருகிறவர்களை வடிகட்ட வந்த கருவி அது.

உறையூர்ப்பெண்

சிஸ்டர், மணி அண்ணா, ரொம்ப நன்றி. இன்று காலை சிஸ்டர் சொன்ன மாதிரி கையை மூடி வைத்திருந்து பார்த்தேன். பீப் அடித்தபோது 97.4, விட்டுவைத்ததில் 97.9-இல் நின்றது. அணைத்துவிட்டு மறுபடி வைத்தால் 97.8. டாக்டரிடமும் கேட்டாயிற்று, அவர் சொன்னது வாய்க்கான 100, அக்குளில் 99 வந்தாலே சொல்லுங்கள் என்றார். ஒரு சந்தேகம்: தொட்டால் சுடுகிறதே, அம்மா சொல்லும் உள்காய்ச்சல் என்று ஒன்று உண்டா?

வார்டு சிஸ்டர்

அம்மா பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக் கையோடு தொட்டுப் பார்த்திருப்பார்! குளிர்ந்த கைக்கு யார் நெற்றியும் சுடும். ஆனால் அம்மாவை முழுசாகத் தள்ளியும் விடாதீர்கள். காய்ச்சல் ஏறத் தொடங்கும்போது கை கால் சில்லிட்டு, தோலுக்கு ரத்தம் குறைந்து, அக்குள் அளவு கீழே இருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். குளிருகிறது, போர்த்திவிடு என்று அப்பா சொன்னால் அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

பால்குடி அம்மா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் குழந்தைக்கு இரண்டு மாதம். அக்குளில் 99.3 இருக்கிறது, தடுப்பூசி எதுவும் சமீபத்தில் போடவில்லை. பால் குடிக்கிறாள், ஆனால் கொஞ்சம் சோர்வு. காய்ச்சலுக்கான சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாமா?

வார்டு சிஸ்டர்

கொடுக்க வேண்டாம் அம்மா, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாமாக எதுவும் கொடுக்கக் கூடாது. துணி நிறையச் சுற்றியிருந்தால் தளர்த்திவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கலாம். ஆனால் சோர்வு என்று நீங்களே சொல்கிறீர்கள், எண் இறங்கினாலும் இன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். இந்த வயதில் அக்குள் அளவு சந்தேகமாக இருந்தால் ஆசனவாயில் அளந்துதான் உறுதி செய்வார்கள், அங்கே 100.4 வந்தால் அவசரம். அதை ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளட்டும், பழக்கமில்லாமல் வீட்டில் முயல வேண்டாம். காதில் வைக்கும் கருவியும் ஆறு மாதத்துக்குக் கீழே சரிவராது. போகும்போது எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, கடைசியாக எப்போது பால் குடித்தாள், எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

மலைக்கோட்டை பாலு

என்னிடம் இன்னும் பழைய பாதரசத் தெர்மாமீட்டர்தான் இருக்கிறது. உதறிவிட்டு வைத்தால் அச்சு அசலாகக் காட்டும், அதை ஏன் விட வேண்டும்?

சர்க்யூட் மணி

காட்டும் அளவில் குறையே இல்லை சார். உடைந்தால்தான் பிரச்சினை. பாதரசம் விஷம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்பை நிறுத்த 2020-ஐக் கெடுவாக வைத்ததே அதற்காகத்தான். கையில் இருப்பதைக் குப்பையில் போடாதீர்கள், டப்பாவில் பத்திரமாக வைத்து, வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தப்பித் தவறி உடைந்தால் துடைப்பம் போட்டுப் பெருக்கக் கூடாது, வாக்குவம் கிளீனரும் கூடாது. ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, கையுறை போட்டுக்கொண்டு கெட்டி அட்டையால் உருண்டைகளைத் தள்ளிச் சேர்த்து, மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு மூடிவிடுங்கள்.