ஃப்ளேக்கி டெஸ்ட்: பெயர் சோதனைக்கா, முடிவுக்கா?

செந்தூல், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம்.

வலைப்பக்கத்தைத் திரையில் காட்டும் உலாவிப் பொறிக்கான இணக்கச் சோதனைக் கையேட்டில் பெரும்பாலான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் அமைந்துவிட்டன. சப்டெஸ்ட் (ஒரு கோப்புக்குள் இருக்கும் சிறு சோதனை) என்பது உட்சோதனை, ரெஃப்டெஸ்ட் (இரு பக்கங்களின் படங்களை ஒப்பிடுவது) என்பது ஒப்புச் சோதனை, ரிக்ரெஷன் (முன்பு சரியாக இருந்தது கெடுவது) என்பது பின்னடைவு. இவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. இழுபறியில் நிற்பது ஃப்ளேக்கி மட்டும்தான்.

பொறியின் நிரல் மாறவில்லை, சோதனைக் கோப்பும் மாறவில்லை. ஆனாலும் ஒரு முறை பாஸ், அடுத்த முறை ஃபெயில், இன்னொரு முறை டைம்அவுட், அதாவது காலக்கெடுவுக்குள் முடியாதது. இதற்குப் பெயர் வேண்டும். இதுவரை வந்தவை நான்கு: நிலையற்ற சோதனை, நம்பகமற்ற சோதனை, ஊசல் சோதனை, இடைவிட்ட தோல்வி. முதல் மூன்றும் பழியைச் சோதனையின் தலையில் கட்டுகின்றன. அதுதான் என் தடை. கோளாறு மூன்று இடங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

சோதனையிலேயே இருக்கலாம். எல்லா உலாவிகளுக்கும் பொதுவான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்பில் ஒரு சோதனைக்குரிய காலக்கெடு 10 விநாடி; மெட்டா குறியில் ‘லாங்’ என்று கேட்டால் 60 விநாடி. அந்தக் கெடுவுக்குள்ளே, செட்டைம்அவுட் என்ற காத்திருப்புக் கட்டளையைப் போட்டு 100 மில்லிவிநாடி காத்துவிட்டு, இதற்குள் படம் இறங்கியிருக்கும் என்று நம்பி எழுதிய சோதனை, சும்மா இருக்கும் கணினியில் பாஸ் ஆகும். பல உலாவிகள் ஒரே நேரத்தில் ஓடும் மெய்நிகர்க் கணினியில் விழும். தொகுப்பின் லின்ட் கருவி (நிரலில் குறை தேடுவது) செட்டைம்அவுட்டைக் கண்டதும் குறை சொல்லி, ஸ்டெப்_டைம்அவுட்டைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். பிழை தேடுவதற்கான, மெதுவாக ஓடும் டீபக் கட்டமைப்பில் காலக்கெடுவை எத்தனை மடங்காக்குகிறோமோ, ஸ்டெப்_டைம்அவுட்டும் அத்தனை மடங்கு நீளும். அதைவிட நல்ல வழி நேரத்தை எண்ணாமல் நிகழ்வுக்காகக் காத்திருப்பது: படத்தின் லோட் நிகழ்வு வந்தபின் சரிபார்த்தால் எந்தக் கணினியிலும் ஒரே விடைதான்.

பொறியில் இருக்கலாம். எந்த மாறியும் பிடித்து வைத்திராத ஒரு பொருளை, அதற்குரிய நிகழ்வு இன்னும் பாக்கியிருக்கும்போதே நினைவகத் துப்புரவு சில வேளை அள்ளிப் போய்விடும். நிகழ்வு வராது, சோதனை டைம்அவுட் ஆகும். இங்கே சோதனை மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. அதை ‘நம்பகமற்ற சோதனை’ என்று முத்திரை குத்தி முடக்கினால், பொறியிலுள்ள பிழை கண்டுபிடிக்கப்படாமல் பயனரிடம் போய்ச் சேரும்.

ஓட்டும் சூழலில் இருக்கலாம். வேகத்துக்காக ஒரே உலாவிக்குள் அடுத்தடுத்துப் பல சோதனைகள் ஓட்டப்படுகின்றன. முந்தைய சோதனை விட்டுப்போன குக்கியோ, பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் நிரலோ பிந்தையதைக் கெடுக்கும். எதிர்பாராத முடிவு வந்தால், சோதனைகளை ஓட்டும் கருவியான ஓட்டி, உலாவியை மூடித் திறப்பதுதான் இயல்பமைப்பு. ஆகவே நடுவில் ஏதோ ஒன்று விழுந்த நாளில் எஞ்சியவை தூய உலாவியில் ஓடும், விழாத நாளில் கறைபட்ட உலாவியில் ஓடும். தனியாக ஓட்டினால் எல்லாம் பாஸ்.

நாம் பெயரிட வேண்டியது முடிவுக்கு என்பது என் கருத்து. ‘மாறுமுடிவு’ என்று வைக்கலாமா?

பாயான் லெப்பாஸ், பினாங்கு

வணக்கம் அண்ணே.

1972 முதல் சில்லுத் தொழிற்சாலைகள் நிறைந்த இடம் இது. சில்லுச் சோதனைத் தளங்களில் இதே சிக்கல் உண்டு: விழுந்த சில்லை மறுசோதனைக்கு வைத்தால் பாஸ் ஆகும். சாக்கெட்டின் தொடுமுனை தேய்ந்திருக்கலாம், சில்லே எல்லையில் நின்று ஆடலாம். முடிவை வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே முடிவுக்குத்தான் பெயர் என்பதை ஏற்கிறேன்.

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. சோதனைக்குப் பெயர் வைத்தால் எழுதியவர் பொறுப்பாவார். முடிவுக்குப் பெயர் வைத்தால் யாருக்கும் பொறுப்பில்லாமல், ‘மறுபடி ஓட்டு, பாஸ் ஆகிவிடும்’ என்ற பழக்கம் வேர் பிடிக்கும். கணக்கைப் பாருங்கள். பத்தில் ஒரு முறை விழும் சோதனையை மூன்று தடவை வரை ஓட்டி, ஒன்றில் பாஸ் ஆனாலும் போதும் என்று விட்டால், மூன்றும் விழ வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பத்துப் பக்கத்தில் ஒன்றைக் கெடுக்கும் பொறிப்பிழை 1000 ஓட்டத்தில் 999-இல் பச்சையாக, அதாவது பாஸ் என்று, தெரியும்.

சேர்க்கும் முன்பே பிடிக்க வேண்டும். தொகுப்பின் ‘ரன்’ கட்டளையோடு ‘வெரிஃபை’ விருப்பத்தைச் சேர்த்தால் உலாவியை மூடாமல் 10 முறையும், ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்து 5 முறையும் ஓட்டிப் பார்க்கும். முதல் வகையில் மட்டும் விழுந்தால் மிச்சம்மீதியைச் சந்தேகிக்கலாம். இரண்டாவதில் மட்டும் விழுந்தால் தொடக்க வேளையின் நெரிசலை. அதிலும் இருபதில் ஒரு முறை விழுவது இந்தப் 15 ஓட்டத்தில் ஒரு தடவைகூடச் சிக்காமல் தப்ப ஏறக்குறைய 46 விழுக்காடு வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் எண்ணிக்கையை நூறுக்கு ஏற்றுங்கள்.

எனவே முடிவுக்கு ஒரு பெயர், காரணத்துக்கு மூன்று பெயர் என்று கேட்கிறேன்: சோதனைவழி, பொறிவழி, சூழல்வழி.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

தம்பிக்கும் தங்கச்சிக்கும் வணக்கம்.

சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

‘நிலையற்ற’ ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை நிலையற்ற பதிப்பு என்கிறோம். ‘நிலையற்ற பதிப்பில் நிலையற்ற சோதனை’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். ‘நம்பகமற்ற’ என்பது பாதுகாப்புச் சான்றிதழுக்குப் போய்விட்டது. அதை இங்கே இழுக்கக் கூடாது. ‘ஊசல்’ என்றதும் இயற்பியலின் தனி ஊசல் நினைவுக்கு வரும். அது ஒழுங்காக ஆடுவது, அடுத்து எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம். இங்கே சிக்கலே அப்படிச் சொல்ல முடியாததுதான். போதாததற்கு, ஊசிப்போன உணவின் வாடையும் அந்தச் சொல்லில் உண்டு. ‘இடைவிட்ட தோல்வி’ பாதியைத்தான் சொல்கிறது. பொறியில் இன்னும் எழுதப்படாத வசதிக்கான சோதனை எப்போதும் விழ வேண்டும். அது எப்போதாவது பாஸ் ஆனால் அதுவும் இதே வகைதானே? அங்கே தோல்வி இடைவிடவில்லை, வெற்றி எட்டிப் பார்க்கிறது.

‘மாறுமுடிவு’ அழகான வினைத்தொகை. மாறிய, மாறுகின்ற, மாறும் என முக்காலமும் அதற்குள் அடங்கும். ஆனால் ‘மாறு’ என்பதற்கு எதிர் என்ற பொருளும் உண்டு. மாறுகால் மாறுகை என்கிறோம். ‘மாறுமுடிவு வந்தது’ என்றால், பாஸ் எதிர்பார்த்த இடத்தில் ஃபெயில் வந்தது என்று கொள்வார்கள். அது வேறு செய்தி.

என் பரிந்துரை ‘தடுமாறு முடிவு’. இதுவும் வினைத்தொகைதான். இலக்கணத்தில் இதற்கு முன்னோடி இருக்கிறது: தடுமாறு தொழிற்பெயர். புலிகொல் யானை என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? சொற்றொடர் ஒன்று, பொருள் இரண்டு. எது என்று சூழலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒரே கோப்பு இருவேறு விடை தருவதும், கொன்றது சோதனையா பொறியா என்று சூழலைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருப்பதும் இதே நிலைமைதான்.

செந்தூல்

ஐயா, சொல்லை வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்.

‘இந்த உட்சோதனையின் முடிவு லினக்ஸில் மட்டும் தடுமாறுகிறது.’ ‘தடுமாற்ற விகிதம் இருபதில் ஒன்று.’ ‘தடுமாற்றம் நீங்கும்வரை சேர்க்க வேண்டாம்.’ வினை, பெயர், அடை மூன்றும் இயல்பாக விழுகின்றன. மாறுமுடிவில் இது வராது. ‘மாற்ற விகிதம்’ என்றால் யாருக்கும் புரியாது.

எந்தச் சோதனைக்கு எந்த முடிவு வரும் என்று குறித்துவைக்கும் எதிர்பார்ப்புக் கோப்போடும் பொருந்துகிறது. கெக்கோ, செர்வோ ஆகிய உலாவிப் பொறிகள் வைத்திருக்கும் ஐஎன்ஐ கோப்புகளில், ஒரு சோதனைக்கு ஒரே நிலைக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குள் பட்டியல் தரலாம்: பாஸ், ஃபெயில் என்று. முதலில் இருப்பது முதன்மை எதிர்பார்ப்பு, பின்னால் வருபவை அறிந்த தடுமாற்றங்கள். குரோமியம் உலாவியின் எதிர்பார்ப்புக் கோப்பிலும் ஒரு வரியில் ஃபெயிலியர், பாஸ் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள், வரியின் தொடக்கத்தில் பிழை எண்ணோடு. கருவிகளே குற்றவாளியைச் சொல்லவில்லை, வரக்கூடிய முடிவுகளை மட்டும் சொல்கின்றன.

தங்கச்சியின் அச்சம் இங்கேதான் உண்மையாகிறது. பாஸ், ஃபெயில் என்று பட்டியலிட்ட பிறகு யாரோ பொறியை உடைத்து, அந்தச் சோதனை நூற்றுக்கு நூறு ஃபெயில் ஆனாலும் ஓட்டம் பச்சைதான். பின்னடைவு தடுமாற்றத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ‘அப்டேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ கட்டளைக்குப் பல ஓட்டங்களின் பதிவுகளைக் கொடுத்து, ‘அப்டேட் இன்டர்மிட்டன்ட்’ விருப்பத்தைச் சேர்த்தால் பட்டியலைத் தானே எழுதிக்கொடுக்கும். வசதிதான், ஆனால் காரணம் கேட்காது. எனவே கையேட்டில் இப்படி எழுதப் போகிறேன்: பிழை எண்ணும், சோதனைவழி, பொறிவழி, சூழல்வழி என்ற மூன்றில் ஒன்றும் இல்லாமல் எந்தத் தடுமாற்றப் பட்டியலும் ஏற்கப்படாது. கண்டுபிடிக்கவில்லை என்றால் ‘வழி அறியப்படவில்லை’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

இன்னொன்றையும் வேறுபடுத்த வேண்டும். ஒப்புச் சோதனையில் 800-க்கு 600 அளவில் இரண்டு படங்களை எடுத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிடுகிறோம். சோதனைக்கென்றே செய்த ஆஹெம் எழுத்துரு பெரும்பாலான குறிகளைக் கட்டம் கட்டமாகவே வரைவதால் சிக்கல் குறைவு. அதில் தமிழ் எழுத்துகள் கிடையா. ‘நி’ என்பதை முதல் எழுத்தாகச் சரியாகப் பிரிக்கிறதா என்று பார்க்க உண்மையான தமிழ் எழுத்துரு வேண்டும். ‘ந’ ஒரு குறியீடு, இகரக் குறி இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் ஓர் எழுத்து. சுழியின் விளிம்பில் மென்மையாக்கல் அரைப் புள்ளி நகர்ந்தாலும் படம் வேறுபடும். அதற்கு ஃபஸி மெட்டா குறியில், ஒரு புள்ளியின் நிற வேறுபாடு எவ்வளவு, மொத்தம் எத்தனை புள்ளி என்று வரம்பு தருகிறோம். அந்தக் கணினியில் அது ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் வேறுபடும். அது தடுமாற்றம் அன்று. அதற்குச் ‘சகிப்பளவு’ என்ற தனிச் சொல்லை வைப்போம். தடுமாறும் ஒப்புச் சோதனைக்குச் சகிப்பளவை ஏற்றி வாயடைப்பது தவறான மருந்து. பெரும்பாலும் லோட் முடிந்த பிறகு ஸ்கிரிப்ட் எழுத்துருவை ஏற்றுவதே காரணமாக இருக்கும். வேர்க்குறியில் ‘ரெஃப்டெஸ்ட்-வெயிட்’ வகுப்பை வைத்து, எழுத்துரு தயாரானதும் அதை நீக்கினால், அதுவரை படம் எடுக்காமல் ஓட்டி காத்திருக்கும்.

பாயான் லெப்பாஸ்

ஏற்கிறேன் அண்ணே. கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (தளப்பெயருக்கு முகவரி தருவது) முகவரிகளைச் சேர்க்காமல் ஓட்டிவிட்டு, பல தளங்களுக்கு இடையிலான சோதனைகள் எல்லாம் விழுவதைச் சிலர் ஃப்ளேக்கி என்கிறார்கள். அது எப்போதும் விழும். சொல்லின் கீழ் அதையும் விலக்காகக் குறித்துவிடுங்கள்.

உட்சோதனையின் பெயருக்குள் நேரத்தையோ தற்போக்கு எண்ணையோ ஒட்டுவதையும் அங்கேயே எச்சரியுங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் பெயர் புதிது. பழையதோடு ஒப்பிட எதுவும் இருக்காது, தடுமாற்ற விகிதத்தைக் கணக்கிடவே முடியாது.

பிரிக்பீல்ட்ஸ்

பட்டியலுக்கான பதிவு:

தடுமாறு முடிவு: பொறியும் சோதனைக் கோப்பும் மாறாதிருக்க, ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபடும் முடிவு. வினை: தடுமாறு. பெயர்: தடுமாற்றம். வழி: சோதனை, பொறி, சூழல். பின்னடைவு, எதிர்பாரா முடிவு, சகிப்பளவு ஆகியவற்றினின்று வேறு. இரு சொல்லாகப் பிரித்தே எழுதுக. பேச்சில் ‘தடுமாறும் சோதனை’ என்பதற்குத் தடையில்லை, எதிர்பார்ப்புக் கோப்பின் குறிப்புகளில் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.