புவெனஸ் ஐரஸில் ஒரே ஒரு ராத்திரி: பேர்பெற்ற கடையா, தெருமுனைக் கடையா?

நிலாமுற்றம்:
வேலை விஷயமாக அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸுக்குப் போகிறேன். சாப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரே ஒரு ராத்திரிதான் கிடைக்கும். பலெர்மோ பகுதியில் இருக்கிற தோன் ஹூலியோ என்ற பேர்பெற்ற கடையில் வரிசையில் நிற்கலாமா? இல்லை, போயெதோ பகுதியில் நான் தங்கும் விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் பத்து மேசை போட்ட ஒரு சின்னக் கடை இருக்கிறதாம், அங்கே போகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தூரதேசி:
பக்கத்துத் தெருவுக்கே போங்கள். மூன்று வருஷம் அந்த ஊரில் இருந்தவன் சொல்கிறேன். தணலில் இறைச்சி சுடும் கடையை அங்கே 'பரிஷா' என்பார்கள். ஒன்பது மணிக்கு முன்னால் போகாதீர்கள், கடை காலியாகக் கிடக்கும். அடுப்புக்கு எதிர் மேசையைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் தெருக் கடையில் அடுப்படியில் நின்றவருக்கு அறுபது வயதுக்கு மேல். ஓரத்தில் இரும்புக் கூடையில் கட்டை எரியும். உதிர்கிற தணலை மட்டும் சின்ன வாரியால் இழுத்துக் கம்பிக்கு அடியில் பரப்புவார். தீ நாக்கு மேலே வரவே விடமாட்டார். கம்பிக்கு மேல் உள்ளங்கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை கை தாங்குகிறது என்று பார்த்துத்தான் இறைச்சியை வைப்பார். கல்லுப்பு மட்டும்தான். மசாலா கிடையாது, ஊறவைப்பதும் கிடையாது.

வழிப்போக்கன்:
நண்பரே, அந்தப் பெரியவர் உங்களுக்கு அமைந்தார். இவருக்கும் அமைவார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இப்படி ஒரு தெருமுனைக் கடையில் மதியம் சுட்ட விலாத் துண்டைக் கம்பி ஓரத்திலேயே வைத்திருந்து ராத்திரி எனக்குத் தந்தார்கள். பல்லில் கடிபடவில்லை.

தோன் ஹூலியோ 1999 முதல் அதே மூலையில் நடக்கிறது. உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் கையேடு முதன்முதலாக அந்த ஊருக்கு வந்த 2023-இலேயே ஒரு நட்சத்திரம் வாங்கியது. புல் மேய்ந்த மாட்டின் இறைச்சி. இன்று அந்த நாட்டிலேயே நிறைய மாடுகளைப் பட்டியில் அடைத்துத் தானியம் போட்டுத்தான் கொழுக்க வைக்கிறார்கள். சின்னக் கடையில் எது வரும் என்று யாருக்குத் தெரியும்? வரிசையில் நிற்பவர்களுக்கும் ஸ்பார்க்லிங் ஒயின் ஊற்றிக் கொடுத்து உபசரிக்கிறார்கள். ஒரே ராத்திரி இருப்பவரைச் சோதனைக்கு அனுப்பாதீர்கள்.

தூரதேசி:
பட்டி மாடு விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல ஸ்டேக்கோடு அந்தச் சாப்பாடு முடிந்துவிடுவதில்லை, ஐயா. முதலில் சோரிசோ என்ற சாசேஜ், ரத்தத்தில் செய்த மொர்சிஷா, அப்புறம் முறுகச் சுட்ட குடல். நம் வீட்டில் குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தட்டு அந்நியமாகவே தெரியாது. எலுமிச்சையைப் பிழிந்து வாயில் போட்டால் வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். கூடவே புரொவொலேதா: தடித்த பாலாடைக்கட்டி, மேலே ஓரிகானோ, சின்ன இரும்புத் தட்டில் ஓரம் பொன்னிறமாகிக் கொதித்தபடி மேசைக்கு வரும். ஆறினால் ரப்பர். வந்த கையோடு ரொட்டியில் எடுத்துவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். நீங்கள் கேட்காமல் பில் வராது. சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே உட்கார்ந்து பேசுவதற்கு 'சோப்ரேமேசா' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வெளியே வரிசை காத்திருக்கும் கடையில் அந்த நிம்மதி வருமா?

கடலோரம்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரத்தம் கசியும் இறைச்சி எனக்கு ஆகாது. நன்றாக வெந்ததைக் கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று பயந்துகொண்டே போனேன். ஒன்றுமே இல்லை. 'பியென் கொசீதோ' என்றேன், கொண்டுவந்தார்கள். பக்கத்து மேசை உள்ளூர்க் குடும்பமும் அதையேதான் கேட்டது.

வழிப்போக்கன்:
கேட்டால் தருவார்கள், சரி. ஆனால் 'ஓஹோ தெ பிஃபே' மாதிரி கனத்த துண்டை முழுக்க வேகவிட்டால் அந்த மாட்டுக்கே அநியாயம். 'ஹுகோசோ' என்று சொல்லிச் சாறோடு வாங்க வேண்டும்.

தூரதேசி:
கனத்த துண்டுக்கு அது சரி. விலாவும் வயிற்றுப்பக்கத்து 'வசீயோ'வும் வேறு ரகம். மெல்லிய தணலில் நெடுநேரம் கிடந்து கொழுப்பு இறங்கினால்தான் அதற்கு ருசியே. கடலோரம் பயப்படாமல் அதைக் கேட்கலாம்.

நிலாமுற்றம்:
பக்கத்துத் தெருவிலேயே ஒன்பதரைக்கு மேசை சொல்லிவிட்டேன், அடுப்புக்கு எதிரே. சோப்ரேமேசா பற்றிப் படித்ததும் முடிவு பண்ணினேன். தனியாகப் போகிறேன், அதுதான் சாப்பாட்டு அளவை நினைத்தால் கொஞ்சம் கவலை.

வழிப்போக்கன்:
என் கருத்து மாறவில்லை, ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டு வாருங்கள். உள்ளே போனதும் கம்பியைப் பாருங்கள். ஓரத்தில் காய்ந்து கிடப்பதைத் தள்ளினால் வேண்டாம் என்று சொல்லி, 'பிஃபே தெ சோரிசோ'வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்து சாசேஜ் என்று நினைக்காதீர்கள், அது முதுகுப்பக்கத்து ஸ்டேக்.

தூரதேசி:
பல கடைகளில் ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும், அதனால் அரைத் தட்டு உண்டா என்று கேளுங்கள். பில்லில் 'குபியெர்தோ' என்று ஒரு வரி இருந்தால் அது ரொட்டிக்கும் மேசைக்கும். டிப்ஸ் தனி, பத்து சதவீதம் வையுங்கள்.