அரிய குடும்பப்பெயரின் பொருளுக்கு எது சான்று?

ஏட்டுவழி:
அரிதான குடும்பப்பெயர் ஒன்று இன்று எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்து அதன் பொருளைச் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலேயரிடையே 'கவர்ட்' என்றொரு குடும்பப்பெயர் உண்டு. அச்சொல் இன்று கோழையைக் குறிப்பதால், முன்னோர் எவரோ போர்க்களத்தை விட்டு ஓடியவர் என்று கதை கட்டுவது எளிது. ஆனால் அப்பெயர் பசு மேய்ப்பவரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கோழை என்னும் பொருள் தரும் சொல்லோ பழைய பிரெஞ்சிலிருந்து தனியே வந்து சேர்ந்தது. இரண்டும் ஒலியில் ஒன்றாயினவே தவிர வேரில் ஒன்றல்ல. ஆகவே, கிடைப்பவற்றுள் மிகப் பழைய எழுத்து வடிவத்தைக் காட்டாமல் எந்தப் பெயருக்கும் பொருள் கூறுவதை நான் ஏற்பதில்லை.

நெய்தல்:
ஐயா, எல்லாப் பெயர்களும் காலப்போக்கில் தேய்ந்து உருமாறியவை என்ற எண்ணத்திலேயே பேசுகிறீர்கள். வேண்டுமென்றே பொருள் வைத்துப் புனைந்த பெயர்களை என்ன செய்வீர்கள்? ஜப்பானில் 'தகானாஷி' என்னும் பெயரைச் சில குடும்பங்கள் 'சிறு பறவைகள் விளையாடுதல்' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகின்றன. ஒலிக்கும்போதோ அது 'பருந்து இல்லை' என்றாகிறது. பருந்து இல்லாத இடத்தில்தானே குஞ்சுப் பறவைகள் அச்சமின்றி விளையாடும்! இந்த விடுகதையைப் பெயருக்குள் வைத்தவரின் எண்ணம் அந்த எழுத்துகளிலேயே தெரிகிறது. துருக்கியில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அவ்வாண்டே நாடாளுமன்றம் முஸ்தபா கெமாலுக்கு 'அத்தாதுர்க்', அதாவது துருக்கியரின் தந்தை, என்ற பெயரை வழங்கியதுடன், வேறு எவரும் அதைச் சூடக் கூடாது என்றும் விதித்தது. சட்டமே அரிதாக்கி வைத்த அப்பெயருக்கு எந்தப் பழைய வடிவத்தைத் தேடுவது?

ஏட்டுவழி:
அவ்விரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் 'வேண்டுமென்றே வைத்த பெயர்' என்ற விளக்கம் ஆதாரமின்றிப் பரவுவதும் உண்டு. நெதர்லாந்தின் 'நாக்ட்கெபோரன்' என்ற பெயருக்கு 'ஆடையின்றிப் பிறந்தவர்' என்பது நேர்ப்பொருள். 1811இல் நெப்போலியன் ஆட்சி குடும்பப்பெயரைப் பதியச் சொன்னபோது, அந்த ஆட்சி நிலைக்காது என்று நம்பிய மக்கள் கேலியாகக் கொடுத்த பெயர் அது என்று இன்றும் சொல்லப்படுகிறது. கேட்கச் சுவையான கதைதான். எனினும் அப்பெயர் அந்த ஆணைக்கு முன்பே வழங்கிவந்தது. தந்தை இறந்த பின் பிறந்த குழந்தையைக் குறிக்கும் 'நாக்கெபோரன்' என்ற ஜெர்மன் சொல்லின் திரிபு என்றே அது பொதுவாக விளக்கப்படுகிறது. தந்தையை இழந்த ஒரு குழந்தையின் துயரம் கேலிக்கதையாக மாறிப்போனது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கணக்கன்:
பொருள் தெளிவாக இருந்தும் அது குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாத நிலையும் உண்டு. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா அகரவரிசைப் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து குடும்பப்பெயர்கள் வழங்க ஆணையிட்டார். அதனால் சில ஊர்களில் பெரும்பாலான பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பட்டியலில் ஒரு செடியின் பெயரைப் பெற்ற குடும்பம் அதைப் பயிரிட்டது என்று கொள்ள முடியாது. மரபணு ஆய்வும் பொருளைச் சொல்லாது. பிரிட்டனில் ஒரே குடும்பப்பெயருடைய 150 ஆண் இணைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு, பெயர் அரிதாக இருக்கும் அளவுக்கு அவர்கள் பொது முன்னோரைக் கொண்டிருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டியது. அந்த முன்னோருக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பது வேறு கேள்வி.

நெய்தல்:
கணக்கன் சொல்வது சரி. ஆனால் ஏட்டுவழி ஐயாவின் நெதர்லாந்துச் சான்று என் பக்கமே சாய்கிறது. 'பின்பிறந்தவர்' என்பதை 'ஆடையின்றிப் பிறந்தவர்' ஆக்கியவர்கள் யார்? பிறமொழிச் சொல்லில் தம் மொழிச் சொல்லைக் கேட்ட மக்கள்தாமே. அந்தக் கேட்பும் பெயரின் வரலாற்றில் ஒரு படிதான். அதைப் பிழை என்று தள்ளினால், பெயர் இன்றைய வடிவத்துக்கு வந்த காரணத்தையே விளக்க முடியாது.

ஏட்டுவழி:
திரிபுக்கான காரணமாக அதை ஏற்கிறேன். ஒரு பெயரகராதியில் நான் எழுத நேர்ந்தால், 'பின்பிறந்தவர்' என்பதை மூலப்பொருளாகவும், மற்றதை மக்கள் வழக்கில் பின்னர் ஏறிய பொருளாகவும் தனித்தனியே குறிப்பேன். கேலிப்பதிவுக் கதைக்கு மட்டும் பொருள் என்ற தலைப்பின் கீழ் இடம் தரமாட்டேன்.

நெய்தல்:
அந்த வரிசை எனக்கும் உடன்பாடே. கதையை அடிக்குறிப்பிலாவது வையுங்கள். அப்பெயரைச் சுமப்பவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தது அதைத்தான்.