கிளியோபாட்ரா வெண்கலக் காசு: படத்தில் இருப்பது அவள்தானா?

கடற்காற்று, தூத்துக்குடி

எல்லோருக்கும் வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இதுவரை சேர்த்ததெல்லாம் சோழர் செப்புக்காசு, எங்கள் ஊர்ப் பக்கம் கிடைக்கிற டச்சுக்காரன் துட்டு, கொஞ்சம் பிரிட்டிஷ் இந்தியா. வெளிநாட்டுப் பழங்காசு ஒன்றே ஒன்று வாங்கவேண்டும், அது கிளியோபாட்ராவாக இருக்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஏன் என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள்.

தம்பி மகன் லண்டனில் இருக்கிறான், பொங்கலுக்கு வருகிறான். இணையத்தில் ஒரு கடையில் ‘கிளியோபாட்ரா, எகிப்து ராணி, அசல் வெண்கலம்’ என்று போட்டிருக்கிறார்கள். 28 மில்லிமீட்டர், 19 கிராம், 140 பவுண்ட். ஒரு பக்கம் அழகான பெண் முகம், தலையில் கோதுமைக் கதிர், சுருள் சுருளாகத் தோள் வரை தொங்கும் கூந்தல். மறுபக்கம் கழுகு. இரண்டு பக்கமும் நட்ட நடுவில் சின்னக் குழி, யாரோ துளை போடப் பார்த்து விட்டுவிட்ட மாதிரி. அந்தக் குழிதான் உறுத்துகிறது. போலியா? வாங்கச் சொல்லலாமா? எங்கள் உப்புக்காற்றில் வெண்கலம் தாங்குமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சில்லறை, சென்னை

இணையத்தில் விற்கிற கிளியோபாட்ரா எல்லாமே டூப்ளிகேட் சார். அந்தக் காசுக்கு நல்ல ராஜராஜன் காசு நாலு வாங்கலாம்.

அமராவதி மணல், கரூர்க்காரன், இப்போது லெஸ்டர்

எல்லாமே டூப்ளிகேட் இல்லை தம்பி. ஐயா சொல்லும் காசு அநேகமாக அசல்தான். காசு அசல், பெயர்தான் பொய்.

கோதுமைக் கதிரும் தொங்கும் சுருளும் எகிப்தியப் பெண் தெய்வம் ஐசிஸின் அடையாளம். இந்த வகைக் காசுகள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. முதலாம் கிளியோபாட்ராவை ஐசிஸ் கோலத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அவள் கி.மு. 176-லேயே இறந்துவிட்டாள். நீங்கள் தேடுவது சீசரோடும் ஆண்டனியோடும் பேசப்படும் ஏழாம் கிளியோபாட்ரா, கி.மு. 51 முதல் 30 வரை ஆண்டவள். அவளுக்கு இவள் எள்ளுப்பாட்டி முறை. கடைக்காரர் ‘கிளியோபாட்ரா’ என்று மட்டும் எழுதி எத்தனையாவது என்று எழுதாமல் விட்டிருப்பார். கேட்டால் ‘நான் ஏழு என்று சொல்லவே இல்லையே’ என்பார். நானும் இப்படி ஏமாந்தவன்தான். 2006-ல் இங்கே ஒரு நாணயச் சந்தையில் 90 பவுண்ட் கொடுத்து இதே எள்ளுப்பாட்டியை வாங்கிவந்து, ஒரு வருடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

குழியைப் பார்த்துப் பயப்படவேண்டாம். எகிப்தை ஆண்ட கிளியோபாட்ராவின் குடும்பமான தாலமி வம்சத்து வெண்கலக் காசுகளில் அது சர்வசாதாரணம். அச்சடிக்கும் முன் வில்லையை மையத்தில் பிடித்துக் கடைந்து சமப்படுத்திய தடம் என்பார்கள்.

அசல் ஏழாம் கிளியோபாட்ராவை அடையாளம் காண நான் வைத்திருக்கும் கணக்கு ரொம்ப எளிது: கொண்டை. அவள் கூந்தலைக் கீற்றுக் கீற்றாகப் பின்னோக்கி வாரி, அகலமான அரச நாடா கட்டி, பிடரியில் கொண்டை போட்டிருப்பாள். கொண்டை இருந்தால் மேற்கொண்டு பாருங்கள், சுருள் தொங்கினால் விட்டுவிடுங்கள்.

அலெக்சாண்டிரியாவில் அவள் பெயரில் வந்த வெண்கலம் முக்கியமாக இரண்டு. பெரியது 80 டிராக்மா, சிறியது 40 டிராக்மா (டிராக்மா என்பது கிரேக்கப் பணக் கணக்கு). இரண்டிலும் பின்பக்கம் வஜ்ராயுதத்தின் மேல் நிற்கும் கழுகு, அதற்கு முன்னால் பழம் நிறைந்த இரட்டைக் கொம்பு. கழுகுக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இருக்கும். வாசற்கால் நிறுத்திய மாதிரி இருந்தால் அது ‘பை’, கிரேக்கக் கணக்கில் 80. ஆங்கில எம் மாதிரி இருந்தால் ‘மியூ’, 40. எழுத்தைத்தான் நான் முதலில் தேடுவேன், முகத்தை அப்புறம்தான். பெரியது 15 முதல் 20 கிராம் வரை, சிறியது 8, 9 கிராம் பக்கம். ஒரே வகையிலேயே எடை இப்படி ஏறி இறங்கும். ராணி அதற்குக் கவலைப்படவில்லை. காசு எத்தனை கிராம் என்று யாரும் தராசில் போட்டுப் பார்க்கவேண்டாம், நான் 80 என்று எழுதினால் அது 80 என்பதுதான் அந்த ஓர் எழுத்தின் பொருள். எங்கள் அப்பா நகைப் பட்டறைக்காரர். இதைச் சொன்னால் சிரித்திருப்பார்.

சுற்றி எழுதியிருப்பது ‘பசிலிஸ்ஸேஸ் கிளியோபாட்ராஸ்’. கிளியோபாட்ரா ராணியுடையது என்று அர்த்தம். தேய்ந்த காசிலும் இதில் நாலைந்து எழுத்தாவது மிஞ்சும்.

பெயர் மட்டும் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சிரியாவில் கிளியோபாட்ரா தியா என்று ஒரு ராணி, நம்மாளுக்கு நூறு வருடம் மூத்தவள். அவளும் மகன் எட்டாம் ஆண்டியோகஸும் சேர்ந்து வெளியிட்ட சின்ன வெண்கலக் காசு ஒன்று உண்டு. பின்பக்கம் ஆந்தை, சுற்றி கிளியோபாட்ரா பெயர் தெளிவாக இருக்கும். முன்பக்கம் கதிர்க்கிரீடம் வைத்த முகம் மகனுடையது! அந்த இளைஞனையும் கிளியோபாட்ரா என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் சரிபார்த்து ஒரு நல்ல காசைக் கையில் எடுத்தால் அடுத்த அதிர்ச்சி முகம். வளைந்த மூக்கு, முன்னே துருத்திய தாடை, தடித்த கழுத்து. 2007-ல் நியூகாசிலில் ஆண்டனியும் அவளும் இருக்கும் ஒரு வெள்ளிக் காசைக் காட்சிக்கு வைத்தபோது, ‘கிளியோபாட்ரா அழகி இல்லை’ என்று செய்தித்தாள்களெல்லாம் கொண்டாடின. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அந்த மூக்கு அவள் அப்பா பன்னிரண்டாம் தாலமியின் மூக்கு. ‘நான் அவர் மகள், சிம்மாசனம் எனக்குத்தான்’ என்று ஊருக்குச் சொல்ல அதைவிட நல்ல வழி ஏது? சந்தைக்குப் போகிற ஒவ்வொருவன் மடியிலும் அந்த மூக்கு போய்ச் சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்புகிற படமா அது? அவள் அழகு பார்த்தவர்கள் மலைத்துப்போகும் அளவுக்கு இல்லை, ஆனால் குரல் பல நரம்புள்ள கருவி மாதிரி, எந்த மொழிக்கும் வளைந்து கொடுக்கும் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க்கே எழுதியிருக்கிறார். குரலைக் காசில் அச்சடிக்க முடியாதே.

என் யோசனை: தேய்ந்த 40 டிராக்மா ஒன்று வாங்குங்கள். கொண்டை தெரியவேண்டும், மியூ தெரியவேண்டும், பெயரில் பாதியாவது படிக்கவேண்டும். முகம் மொழுமொழுவென்று இருந்தாலும் பரவாயில்லை. பளிச்சென்று கண் இமை வரை தெரிகிற காசு நம் பட்ஜெட்டில் வந்தால்தான் சந்தேகப்படவேண்டும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடுகிறதா, மேற்பரப்பில் ஊசிமுனைக் குமிழி இருக்கிறதா, எழுத்து மெழுகு மாதிரி வழிகிறதா என்று விளிம்புப் படம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அது வார்ப்பு. அசல் காசு சம்மட்டியால் அடித்தது.

காசு எந்த வழியாக வந்தது என்பதையும் கேளுங்கள். எகிப்து 1983-ல் 117-ஆம் எண் சட்டம் போட்டுத் தொல்பொருள் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. பழைய ஏலச் சீட்டோ சேகரிப்பாளரின் உறையோ காசோடு வந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். அப்புறம் நம் ஊரில் நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். உள்ளே வந்தபின் பிடிக்கவில்லை என்று தம்பி மகனிடமே திருப்பிக் கொடுத்தனுப்ப முடியாது. அதனால் அவர் புறப்படும் முன்பே யோசித்து முடித்துவிடுங்கள். சுங்கத்தில் காட்ட ரசீதும் கையில் இருக்கட்டும்.

கடற்காற்று, தூத்துக்குடி

அமராவதி சார், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். கொண்டை இல்லை. எள்ளுப்பாட்டியேதான். 140 பவுண்ட் தப்பித்தது.

இன்னொன்று கேட்கலாமா? குழந்தையோடு இருக்கிற கிளியோபாட்ரா காசு ஒன்று எங்கோ பார்த்த ஞாபகம். அது உண்மையா?

அமராவதி மணல், கரூர்க்காரன், இப்போது லெஸ்டர்

உண்மை ஐயா. சைப்ரஸில் அடித்தது. கிளியோபாட்ரா கிரேக்கக் காதல் தெய்வம் அப்ரோடைட்டி கோலத்தில், தோளுக்குப் பின்னால் செங்கோல், மார்பருகே கைக்குழந்தை. சீசருக்குப் பிறந்த சீசரியனை அப்ரோடைட்டியின் மகன் ஈராஸ் தெய்வமாக்கிக் காட்டியிருக்கிறாள். பையன் பிறந்தது கி.மு. 47-ல். பின்பக்கம் கழுகு கிடையாது, இரட்டைக் கொம்பு மட்டும். தாலமி காசுகளுக்கு ஸ்வோரோனோஸ் என்பவர் போட்ட பட்டியல் எண்ணை வைத்து, ஸ்வோரோனோஸ் 1874 என்று தேடுங்கள். நான் முதலில் சொன்ன இரண்டும் 1871, 1872. பிரச்சினை என்னவென்றால் சைப்ரஸ் காசு பெரும்பாலும் தேய்ந்துதான் கிடைக்கும், குழந்தை ஒரு மேடு மாதிரி தெரியும். ‘இதுதான் குழந்தை’ என்று விரலால் தொட்டுக் காட்டினாலும் என் மனைவி இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

என் சொந்த ஆசை வேறு. லெபனான் பக்கம் கால்கிஸில் வந்த ஒரு சின்னக் காசு. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ஆண்டனி. வருடம் 21, அதுவே 6 என்று இரண்டு கணக்கும் அதில் உண்டு. எகிப்தில் அரியணை ஏறி 21, ஆண்டனி லெபனான் பக்கத்துப் பகுதிகளை அவளுக்குக் கொடுத்து 6. அதாவது கி.மு. 32-31. ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியும் அவளும் தோற்பதற்குக் கொஞ்சம் முன். அதில் தன்னை ‘இளைய தியா’ என்று போட்டுக்கொள்கிறாள். மேலே சொன்னேனே, சிரியாவின் கிளியோபாட்ரா தியா, அவள் பெயரை நினைவுபடுத்தத்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. ஒன்று இருமுறை ஏலத்தில் கை தூக்கினேன். கிடைக்கவில்லை.

வெங்கலப்பானை, கும்பகோணம்

பராமரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அண்ணே, முதல் வேலையாக வீட்டில் சொல்லிவையுங்கள்: புளி போட்டுத் துலக்கக் கூடாது. எங்கள் அம்மா என்மேல் இருந்த பாசத்தில் என் ரோமானியச் செப்புக்காசு ஆறையும் குத்துவிளக்கோடு சேர்த்துத் துலக்கிவிட்டார். தங்கம் மாதிரி மின்னின. இரண்டாயிரம் வருடக் களிம்பு சாக்கடையில் போய்விட்டது. அழுத்தமான, வழுவழுப்பான பச்சையோ பழுப்போ இருந்தால் அதுதான் காசுக்குத் தோல், தொடவே கூடாது.

ஆபத்தான பச்சை வேறு. வெளிறிய பச்சை, மாவு மாதிரி உதிரும். பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் வந்துவிடும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். அதுதான் வெண்கல நோய். உப்பின் குளோரைடு உள்ளே புகுந்துவிட்டால் ஈரமும் காற்றும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். தூத்துக்குடிக் காற்றில் கேட்கவா வேண்டும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், பருவமழைக் காலத்தில் அதை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிசுபிசுக்கிற பிவிசி உறையில் போடாதீர்கள், அதுவே காசைப் பச்சையாக்கும். வெறுங்கையால் எடுத்தால் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

கடற்காற்று, தூத்துக்குடி

தை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. தம்பி மகன் கொண்டுவந்துவிட்டான். 40 டிராக்மா, 20 மில்லிமீட்டர், கரும்பழுப்பு. கூடவே 1970-களின் பழைய உறை ஒன்று, யாரோ பென்சிலில் எழுதியது. விலை 165 பவுண்ட். அமராவதி சார் சொன்ன எல்லாம் இருக்கிறது: கொண்டை, மியூ, ‘கிளியோபா’ வரை எழுத்து. மூக்கு கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் மூக்கு மூக்குதான்.

பழக்கமான நகைக்கடையில் எடை போடக் கொண்டுபோனேன். 8.64 கிராம். கடை முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “யார் சார் இந்த ராஜா?” என்றார். ராணி என்றேன். மறுபடி பார்த்தார். “எந்த ஊர் ராணி?” கிளியோபாட்ரா என்றேன். காசைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு, “உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க சார்” என்றார்.