மலை மேல் இருந்துகொண்டு சுகப்பிரசவத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

கேள்வி – தோட்டத்துப் பெண்

வணக்கம். ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியுள்ள ஒரு காப்பித் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறேன். தலைப்பிரசவம்; ஏழாம் மாதம் முடியப் போகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக உள்ளன, ஹீமோகுளோபின் மட்டும் 10.2. கூடுமானவரை வலியைத் தூண்டாமல், கத்தி படாமல் பிரசவிக்க விரும்புகிறேன். என் கணவரைப் பிரசவம் பார்த்த வயதான மருத்துவச்சி பக்கத்து ஊரில்தான் இருக்கிறார்; அவரை அழைத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். அம்மாவோ, வளைகாப்பு முடிந்ததும் சேலம் அம்மாபேட்டைக்கு வந்துவிடு, தனியாரில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். தனியாருக்குப் போனாலே அறுவைதான் என்று தோட்டத்தில் பலரும் பயமுறுத்துகிறார்கள். பிரசவம் பார்ப்பவரை எதைக் கேட்டு, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர்

தங்கைக்கு, மாமியார் சொல்வதை எடுத்தெறிந்து பேச வேண்டாம். அந்தக் கால மருத்துவச்சிகளிடம் கைப்பக்குவமும் பொறுமையும் இருந்தன. வலி வந்தவளை நடக்க விடுவது, இடுப்பை நீவிவிடுவது, குந்தி உட்கார வைப்பது ஆகியவற்றை இன்றைய மருத்துவமும் தவறென்று சொல்வதில்லை. ஆனால் குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் இரத்தம் கொட்டத் தொடங்கினால் அவர் கையில் ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் குழந்தை வெளிவந்த உடனே 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். அதற்கும் போக்கு நிற்காவிட்டால் இரத்தம் ஏற்ற வேண்டும், சில வேளை அறுவை அரங்கே தேவைப்படும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கும் வரை அந்தப் போக்கு காத்திருக்காது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே உள்ள உங்களுக்குச் சிறிய இழப்பும் பெரிதாகத் தெரியும். ஆகவே வீட்டுப் பிரசவம் வேண்டாம்.

மருந்தின் தலையீடு குறைந்த பிரசவத்தைத் தாமே முன்னின்று நடத்தும் செவிலியர்களை உருவாக்க, 18 மாதப் பயிற்சி கொண்ட திட்டம் ஒன்றை மத்திய அரசு 2018-இல் தொடங்கியது. அவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. உங்களுக்கு வாய்க்கப்போவது பெரும்பாலும் பிரசவ அறையில் பணியில் இருக்கும் செவிலியர்தான். ஆகவே ஆளைத் தேடுவதைவிட அந்த அறையின் வழக்கத்தை விசாரியுங்கள். கருப்பை வாய் 5 செ.மீ. திறக்கும் வரை வலி மெதுவாகவே போகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லிவிட்டது; அதற்கு முன்பே வலியைத் தூண்டும் மருந்தை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றி அவசரப்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். அதன்பின் குழந்தையின் இதயத் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக் குறிக்கிறார்களா, முதல் பிரசவம் என்றாலே வழக்கமாகப் பிறப்புவழியை வெட்டித் தையல் போடுகிறார்களா, பிறந்ததும் ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் தொப்புள்கொடியைக் கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் போகலாம். எந்த நிலையில் உங்களை மேல் சிகிச்சைக்கு அனுப்புவார் என்பதைத் தயங்காமல் சொல்பவரே எனக்குப் பிடித்த செவிலியர். ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

பதில் – கொண்டலாம்பட்டி அம்மா

தோட்டத்தில் சொல்வது முழுப் பொய்யுமல்ல. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் அறுவை. தனியாரில் அது 60 சதவீதத்துக்கும் மேல். ஆனால் சராசரியைப் பார்த்து மருத்துவரை முடிவு செய்ய முடியாது. தலைப்பிரசவத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அறுவை நடந்தது என்று நான் இருவரிடம் கேட்டேன். ஒருவர் ‘அதெல்லாம் எதற்கு’ என்று சிரித்தார். மற்றவர் எண்ணிக்கையைச் சொல்லி, யார் யாருக்கு எதனால் என்றும் விளக்கினார். இரண்டாமவரிடம்தான் சேர்ந்தேன். கடைசியில் குழந்தையின் துடிப்பு இறங்கியதால் எனக்கு அறுவைதான் நடந்தது. காரணம் தெரிந்திருந்ததால் வருத்தமில்லை.

மீண்டும் – தோட்டத்துப் பெண்

மிக்க நன்றி. அப்படியானால் எப்போது மலையிறங்க வேண்டும்? கணவர் உள்ளே இருக்க அனுமதிப்பார்களா?

பதில் – மலைப்பாதை ஓட்டுநர்

மருத்துவம் எனக்குத் தெரியாது, பாதையைப் பற்றிச் சொல்கிறேன். வலி வந்தபின் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குப்பனூர் வழி இருக்கிறதே என்பார்கள். பெருமழையில் அதையும் நம்ப முடியாது. 108 வரும், ஆனால் தோட்டத்துக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் எதுவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜீப் வைத்திருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர்

ஓட்டுநர் தம்பி சொல்வது சரி. 37 வாரம் தொடங்குவதற்குள் அம்மாபேட்டை போய்விடுங்கள். தாய் சேய் நல அட்டையும் கர்ப்பப் பதிவு எண்ணும் கையோடு இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் பிரசவ அனுபவமுள்ள பெண் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். கணவரை விடுவது அறையில் மறைப்பு வசதி இருப்பதைப் பொறுத்தது, முன்னதாகவே கேட்டு வையுங்கள். அம்மாவும் மாமியாரும் மாறி மாறி இருந்தால் பூசலும் தீரும். கிராம சுகாதார செவிலியரிடம் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். காப்பித் தோட்டத்தில் இருப்பவரிடம் சொல்வது கடினம்தான். இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பியும் தேநீரும் வேண்டாம்.