பழைய கால் தையல் மெஷின் இறுகிப்போச்சு, எந்த எண்ணெய் விடலாம்?

தண்டையார்பேட்டை:
சிங்கர் கால் மெஷின். வீல் பாதி சுத்தி நின்னுடுது. தேங்காய் எண்ணெய் விட்டிருக்காங்க. மேலயே மெஷின் ஆயில் விட்டா போதுமா?

பழைய வண்ணாரப்பேட்டை:
போதாது தம்பி. தேங்காய் எண்ணெய் காத்து பட்டுப் பட்டு பழுப்பு கோந்தாயிடும். முதல்ல ஊசி, அடிநூல் இருக்கிற ஷட்டில் ரெண்டையும் கழட்டுங்க. எண்ணெய்த் துளை ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி ஊறட்டும், அடுப்புப் பக்கம் வேணாம். காலைல வீலை முன்னும் பின்னும் மெதுவா ஆட்டுங்க, முரட்டுத்தனமா திருகாதீங்க. கறுப்பா வழியறதைத் துடைச்சு, தெளிவா வர்றவரை திரும்ப விடணும். ஆனா மண்ணெண்ணெய் கரைக்கத்தான். அதோட ஓட்டினா இரும்பு தேயும். கடைசியா நிறமில்லாத தையல் மெஷின் ஆயில், துளைக்கு ஒரு சொட்டு. ஷட்டில் ஓடுற வளையத்துக்கும் ஒண்ணு.

தண்டையார்பேட்டை:
பைக் இன்ஜின் ஆயில் வீட்ல இருக்குண்ணே, அது?

பழைய வண்ணாரப்பேட்டை:
வேணவே வேணாம். கெட்டி, சந்துக்குள்ள போகாது. துணியும் கறையாகும்.

காசிமேடு:
கடல் காத்துக்கு ஊசிக் கம்பில துரு இருக்கும், பாருங்க. மிதியோட தண்டு ரெண்டு முனையையும் எல்லாரும் மறப்பாங்க, அங்கயும் சொட்டு விடுங்க. தோல் பெல்ட்ல பட்டா வழுக்கும். தின்னர் போட்டுத் துடைச்சா தங்கப் பூ வேலை போயிடும். முடிஞ்சதும் பழைய துணில நாலு வரி தைங்க. கறை நின்னப்புறம் நல்ல துணி வைங்க.